வாத்தியார் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருக்கும் ஐயாமார், அம்மாமார்களுக்கும், எங்கள் தேயிலைத் தோட்டத்து நிர்வாகத்துக்கும் வணக்கம்.

உங்கள் இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டேன். கல்வி அலுவலகத்தில் கேட்டால் "நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், அங்கே போய்க் கேளுங்கள்" என்கிறீர்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால் "பள்ளிக்கூடம் கல்வி அமைச்சோட பொறுப்பு, அங்கே போய்க் கேளுங்க டீச்சர்" என்கிறீர்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினீர்கள், ஒரு தடவை மைலோகூட வாங்கிக் கொடுத்தீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் இரண்டரை வருஷமாக இதே பதில்தான். அதனால் இரண்டு பேரும் ஒரே காகிதத்தை ஒரே நேரத்தில் படியுங்கள். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையாவது சொல்லிவிடுங்கள்.

சாவி என்று நான் சொல்வது உண்மையான சாவியைத்தான். பள்ளித் திடலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிற்கிற பலகை வீட்டின் சாவி. தோட்டத்தில் எல்லாரும் அதை வாத்தியார் வீடு என்றுதான் சொல்கிறார்கள். அதில் வாத்தியார் யாரும் குடியிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றும் அதே ஆட்கள்தான் சொல்கிறார்கள்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. கேமரன் மலையில், ரிங்லெட் டவுனிலிருந்து உள்ளே போகிற தோட்டங்களில் ஒன்று, அவ்வளவு போதும். உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தலைமையாசிரியர் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, அவருக்கு இதனால் தலைவலி வரக்கூடாது. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதியது.

நான் கெடாக்காரி. சுங்கைப்பட்டாணி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், நான் டவுனில் பிறந்தவள், அதனால் தோட்டம் என்றால் எனக்கு அம்மா சொன்ன கதைகள் மட்டும்தான். ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஐந்து வருஷம் படித்து முடித்து, 2023 மார்ச்சில் நியமனக் கடிதம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "கேமரன் மலையா! ஸ்ட்ராபெர்ரி, ஜிலுஜிலுன்னு காத்து, உனக்கென்னடி" என்று பெரியம்மா போன் பண்ணினார். கடிதத்தில் என் பெயர் இருந்தது, அடையாள அட்டை எண் இருந்தது, பள்ளியின் குறியீட்டு எண் இருந்தது, எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்பது இருந்தது. எங்கே படுத்துத் தூங்குவது என்று ஒரு வரி இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வேலை கிடைத்தவளுக்கு வீடு கிடைக்காதா என்று நினைத்தேன்.

அப்பாவின் பழைய மைவி காரில் மூன்று பேரும் புறப்பட்டோம். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ரிங்லெட் வரைக்கும் 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதில் நேராக ஓடுகிற இடம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டர் தேறுமா என்று சந்தேகம். அம்மா கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர் ரிங்லெட்டில்தான் திறந்தார். அங்கிருந்து இன்னும் 14 கிலோமீட்டர் உள்ளே. பாதிக்கு மேல் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சாலை, எதிரே காய்கறி லோரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், லோரிக்காரர் போக மாட்டார். தோட்டத்து கேட்டில் நேப்பாளத்துக் காவல்காரர் ஒருவர் "சிக்கு பாரு?" என்று கேட்டார். புது டீச்சரா என்று. ஆமாம் என்றதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் டயரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நவம்பர் மழையில்தான் புரிந்தது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி, "எங்க தங்கியிருக்கீங்க?" இரண்டாவது கேள்வி, "எத்தனை நாளைக்கு?" இரண்டாவது கேள்வியை விடுதி அறையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு "மூன்று நாளைக்கு ஐயா" என்றேன். அவர் சிரித்தார். பள்ளியில் எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டிருக்கிறார்.

என் மேசையின் இழுப்பறையை முதன்முதலாகத் திறந்தபோது உள்பக்கம் பேனாவால் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன். எனக்கு முன்னால் அதே மேசையில் உட்கார்ந்தவர்கள். நான்கு பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வந்த மாதமும் போன மாதமும். ஜெயில் சுவரில் எழுதுவார்களே, அந்த மாதிரி. ஒருவர்கூட இரண்டு வருஷம் முழுசாக இருந்ததில்லை. கோபம் கோபமாக வந்தது அன்றைக்கு. என்ன மனிதர்கள் இவர்கள், மலைத்தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று. இப்போது அந்தக் கோபம் இல்லை. அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று விசாரித்தேன். ஒருவர் தாப்பாவிலிருந்து தினமும் ஏறி இறங்கியிருக்கிறார், விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டு. ஒரு டீச்சர் கைக்குழந்தையோடு தானா ராத்தாவில் ஒரே ஓர் அறையில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ரிங்லெட்டில் கடைவீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தேன். மாதம் 550 வெள்ளி (ரிங்கிட்), ஜன்னல் ஒன்று, அதுவும் பக்கத்துக் கடையின் சுவரைப் பார்த்து. டவுன்காரர்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் கேமரன் மலை சுற்றுலா ஊர், இங்கே ஓர் அறையின் விலையை ஆசிரியரின் சம்பளம் தீர்மானிப்பதில்லை, கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வருகிற குடும்பம் தீர்மானிக்கிறது. மாதம் முழுக்க ஒரு டீச்சர் தருவதை நான்கைந்து இரவில் அவர்கள் தந்துவிடுகிறார்கள். வீட்டுக்கார தவுக்கே, கடை முதலாளி, கெட்டவர் இல்லை. பள்ளி விடுமுறை நெருங்கும்போது "சிக்கு, லீவுக்கு ஊருக்குப் போவீங்கதானே?" என்று கேட்பார். போவேன் என்றால் என் சாமான்களை எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கி வைத்துவிட்டு அறையை வாடகைக்கு விடுவார், அந்த இரண்டு வாரத்துக்கு என்னிடம் காசு வாங்க மாட்டார். நியாயமான மனிதர்தான், என்ன, திரும்பி வந்தால் என் தலையணையில் யாரோ ஒருவருடைய ஷாம்பு வாசனை. ஒரு முறை ஸ்ட்ராபெர்ரி வாசனை.

அறையிலிருந்து பள்ளிக்கு மோட்டாரில் போகிறேன். 14 கிலோமீட்டருக்கு வெயில் நாளில் 40 நிமிஷம். மழை என்றால் காய்கறித் தோட்டத்துக்குப் போகிற ஓர் அண்ணனின் லோரியில் முன் சீட்டில் இடம் கிடைக்கும், கீழே கோஸ் நாற்று, மேலே நான். மண் சரிந்தால் எதுவும் இல்லை. போன வருஷ இறுதியில் ஒரு வாரம் அப்படித்தான் போயிற்று. பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் ஏழு பேரில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளார்க், கிராணிதான் கதவைத் திறந்துவிட்டு, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற அக்காவை உட்கார வைத்துவிட்டு வந்தார். அந்த அக்கா ஐந்து நாளும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்தாராம். திங்கட்கிழமை நான் போனபோது என் வகுப்பு "தோடுடைய செவியன்" பாடிக்கொண்டிருந்தது, எனக்கே பாதிக்கு மேல் தெரியாது.

என் வகுப்பு என்பது இரண்டு வகுப்பு. பள்ளியில் மொத்தம் 19 பிள்ளைகள், அதனால் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் ஒரே அறையில் என்னிடம். 150 பேருக்குக் கீழே இருந்தாலே குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் போட்டுவிடுவார்கள், நாங்கள் அந்தப் பட்டியலிலேயே அடிமட்டம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் நான்கு பேர், நடுவில் நான். இந்தப் பக்கத்துக்குப் பெருக்கல் வாய்பாட்டை எழுதக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக்குக் கதை சொன்னால், இந்தப் பக்கமும் வாய்பாட்டை விட்டுவிட்டுக் கதையைக் கேட்கும். கல்விக் கழகத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதத்தான் அதிகம் பழகினேன். ஏழு பேர் என்றால் சுலபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள், ஏழு பேரில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் குழுவேலை என்பதே கிடையாது.

இந்தப் பிள்ளைகளை ஏழைப் பிள்ளைகள் என்று சொல்லிப் பரிதாபப்பட வேண்டாம். ஏழைகள்தான், அது வேறு விஷயம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதியில் இப்போது நேப்பாளம், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். கொழுந்து வெட்டுகிற வேலையில் நம் ஆட்கள் கொஞ்சம்தான் மிச்சம். பிள்ளைகளின் அப்பாமார் லோரி ஓட்டுகிறார்கள், தேயிலை ஆலையில் இருக்கிறார்கள், அம்மாமார் வெளியே காய்கறித் தோட்டத்துக்கும் பூத்தோட்டத்துக்கும் நாள்கூலிக்குப் போகிறார்கள். என் இரண்டாம் ஆண்டில் ஒரு சின்னப் பெண் தமிழில் நூறு வரை எண்ணுவாள், மலாயில் எண்ணுவாள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கற்றுக்கொண்டு நேப்பாளியிலும் இருபது வரை எண்ணுவாள். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், அவனைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

நான் வந்தபோது அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அப்போது முதலாம் ஆண்டு, கொரோனா காலத்தில் பாலர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டியவன், போகவில்லை. தமிழும் சரி, மலாயும் சரி, புத்தகத்தைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள் என்னோடு நடந்து வருகிறான், பாதை ஓரத்தில் காலி பிளாஸ்டிக் கேலன் ஒன்று கிடக்கிறது, அதைக் காட்டி "ராச்சுன் டீச்சர்" என்றான். விஷம். படத்தைப் பார்த்துச் சொன்னாயா என்றால் இல்லை, எழுத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டுகிறான். காய்கறித் தோட்டத்தில் அவன் அம்மா, தொடாதே என்று சொல்லிச் சொல்லிக் காட்டிக் கொடுத்த எழுத்து. அவன் தானாகப் படித்த முதல் சொல் அதுதான். அதைக் கேட்டுச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு. ஆனால் ஒன்று தெரிந்தது, இவனால் படிக்க முடியும், ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுவும் தினமும், பாட வேளை முடிந்த பிறகு.

இங்கேதான் வீடு வருகிறது.

எங்கள் பள்ளி ஒரு மணிக்கு மேல் விடுகிறது. இரண்டு மணிக்குள் பனிமூட்டம் இறங்கத் தொடங்கும், மழைக் காலத்தில் அதற்கு முன்னாலேயே. அதனால் மணி அடித்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் கிளம்பிவிடுகிறோம், சாலை தெரிகிற நேரத்திலேயே ரிங்லெட்டைத் தொட்டுவிட வேண்டும் என்பதற்காக. பிள்ளைகளின் அம்மா அப்பா வேலை முடிந்து வர நான்கு, ஐந்து ஆகும். ஆக ஒன்றரையிலிருந்து ஐந்து வரை அந்தத் தோட்டத்தில் 19 பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒரு ஆள் இல்லை. டவுனில் இருக்கிற பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, படித்த அண்ணன் இருக்கிறான். இங்கே பாட்டியும் போனும்தான். போனுக்கும் மேட்டுக் கோயிலுக்குப் போனால்தான் லைன் கிடைக்கும்.

போன வருஷத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் நான் தங்குகிறேன். லோரி அண்ணன் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குத்தான் திரும்புவார், அவரோடு போய்விடலாம். பள்ளிக் கட்டடத்தைப் பூட்டிவிடுவதால் வாத்தியார் வீட்டு வராந்தாவில் உட்காருகிறோம். மேலே ஜிங்க் தகடு பாதி போய்விட்டது, மீதிப் பாதியின் கீழே எட்டு ஒன்பது பேர் உட்காரலாம். ராச்சுன் பையன் இப்போது தமிழ் வாசிக்கிறான். வேகமாக இல்லை, "ழ" வரும்போது நாக்கைத் தேடுகிறான், ஆனால் வாசிக்கிறான். வாரத்துக்கு ஒரு மதியம், அதற்கே இவ்வளவு. ஐந்து மதியமும் இருந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடுவதுண்டு.

வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது லயத்துப் பாட்டி ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். எழுபது தாண்டியவர், கூடை தூக்கிக் கொழுந்து பறித்த காலத்து ஆள். அந்த வீட்டில் கடைசியாக இருந்த வாத்தியாரைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் பெரட்டு (வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது) முடிந்ததும் பள்ளிக்கூடம், சாயங்காலம் இந்த வராந்தாவில் தமிழ் நேசன் பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசிப்பாராம், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு குடியுரிமை இல்லாமல் கிடந்தவர்களுக்கு பாரம் நிரப்பிக் கொடுத்தது அவர்தான். ஊருக்குக் கடிதம் எழுதியது, வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியது, அதில் கெட்ட செய்தி இருந்தால் முதலில் டீ குடிக்கச் சொன்னது. பாட்டியின் மூத்த மகன் இப்போது ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார், இந்த வராந்தாவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். "அவரு ஒண்ணும் சாமி இல்ல டீச்சரம்மா" என்றும் பாட்டியே சொன்னார், ரோத்தான் பிரம்பு முறிய முறிய அடிப்பாராம், பிள்ளைகளை விட்டு விறகு பொறுக்க வைப்பாராம், கோயில் கமிட்டியில் சண்டை இல்லாத வருஷமே கிடையாதாம். இருக்கட்டும். அடிக்கிற வாத்தியாரை நான் கேட்கவில்லை. இருக்கிற வாத்தியாரைக் கேட்கிறேன்.

இந்த வீடு எப்படி அனாதையானது என்று யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். 1912ல் வந்த தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று ஆனது. வெள்ளைக்காரனுக்குத் தமிழ் மேல் பாசமா, தொழிலாளி ஊரைவிட்டு வர வேண்டும் என்றால் பிள்ளைக்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் பாடம் சொன்னது கங்காணி, கிராணி, கொஞ்சம் எழுத்து தெரிந்த ஒரு தொழிலாளி. கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வந்ததே 1929க்குப் பிறகுதான், அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளிகளும். வாத்தியார் தோட்டத்து ஆள் என்பதால் தோட்டமே வீடு கொடுத்தது. அப்புறம் 1956ல் நாட்டின் கல்விக் கொள்கையை வகுத்த ரசாக் அறிக்கை, அடுத்த வருஷம் நாடு சுதந்திரம் பெற்றது, அதைத் தொடர்ந்து வந்த கல்விச் சட்டங்கள், ஆசிரியர் சம்பளம் கொடுக்கிற பொறுப்பு அரசாங்கத்துக்குப் போனது. நல்லதுதான். ஆனால் நிலம் தோட்டத்திடமே நின்றுவிட்டது. பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி ஆனது. சம்பளம் ஒரு கையில், மண் இன்னொரு கையில்.

இன்னும் ஒன்று. தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தோடு வீடு இருக்க வேண்டும் என்று 1990ல் ஒரு சட்டமே இருக்கிறது, 446ஆம் சட்டம். தோட்டம் அதை மதித்து லயத்துக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், அதற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் டீச்சர் தோட்டத்துத் தொழிலாளி இல்லையே. அரசாங்க ஊழியர். அரசாங்க ஊழியருக்குக் குவாட்டர்ஸ் கட்ட வேண்டியது அரசாங்கம். அரசாங்கம் அடுத்தவர் நிலத்தில் கட்ட முடியாது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் அந்த வீடு யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இல்லாத வீடாக நிற்கிறது. உங்கள் இருவர் மேலும் எனக்குப் பெரிய கோபம் வராததற்கு இதுவும் ஒரு காரணம், ஏனென்றால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ரிங்லெட்டில் இருக்கிற ஒரு குத்தகைக்காரரை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், லோரி அண்ணனின் மச்சான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பலகை நல்ல பலகை, அந்தக் காலத்து மரம், கரையான் பின்பக்கம் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றார். கூரை ஜிங்க் மாற்ற வேண்டும், ஒயரிங் முழுசாகப் புதுசு, கழிப்பறைக்குக் குழாய், பின்சுவர், இரண்டு கதவு. எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார். மலை ஏற்றிக் கொண்டுவருகிற லோரிக் கூலியும் அதில் சேர்த்தி. மூன்று அறை வீடு, மூன்று ஆசிரியர் தாராளமாக இருக்கலாம். நாங்கள் வாடகை தரத் தயார். ரிங்லெட்டில் தவுக்கேவுக்குக் கொடுப்பதைத் தோட்டத்துக்கே கொடுக்கிறோம், மூன்று பேர் ஆளுக்கு 200 கொடுத்தாலும் இரண்டரை வருஷத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். நான் கணக்கில் புலி இல்லை, நீங்களே போட்டுப் பாருங்கள்.

"19 பிள்ளைக்கு வீடா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டார். பள்ளியைக் கீழே டவுனுக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சும் இருக்கிறதாம். அந்தப் பேச்சு என் இழுப்பறையில் இருக்கிற முதல் பெயருக்கு முன்னாலேயே இருந்ததாம், தலைமையாசிரியர் சொன்னார். மாற்றுவதாக இருந்தால் மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, பிள்ளைகள் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் விளையாட ஆள் கிடைக்கும், நல்லதுகூட. ஆனால் மாற்றுகிற வரைக்கும் கூரை ஒழுகக் கூடாதே. "போகப் போற வீட்டுக்கு எதுக்கு வெள்ளையடிக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு முழுத் தலைமுறை ஆறாம் ஆண்டு முடித்துவிட்டுப் போய்விட்டது. அதில் எத்தனை பேர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் அதையும் பாதியில் விட்டுவிட்டுக் காய்கறி லோரியில் ஏறினார்கள் என்பதை லயத்தில் வீடு வீடாகக் கேட்டால் சொல்வார்கள்.

நன்கொடை கொடுக்க வருகிறவர்களிடம் கேட்கலாமே என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு குழு வரும், பள்ளி திறக்கும்போது ஒரு குழு வரும். நல்ல மனிதர்கள், இந்தச் சாலையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் புத்தகப் பைதான் கொண்டுவருகிறார்கள். என் வகுப்பில் ஆளுக்கு மூன்று பை. ஒரு பையில் புத்தகம், ஒரு பையில் துணி, மூன்றாவது பையில் பாட்டி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். கூரைக்கு ஜிங்க் என்றால், "அது அரசாங்கம் செய்யணும்மா" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி. எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள், வீடு மட்டும் ஒழுகுகிறது.

ஆகவே இதோ, நேரடியாக. தோட்டத்து நிர்வாகத்திடம் நான் கேட்பது பணம் இல்லை, ஒரு காகிதம். இந்த வீட்டைப் பள்ளி ஆசிரியர்கள் தங்குவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், பழுதுபார்க்கலாம் என்று முத்திரை குத்திய ஒரு அனுமதிக் கடிதம், பத்து வருஷத்துக்கு. நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும். கல்வி அலுவலகத்திடம் நான் கேட்பது, அந்தக் காகிதம் வந்த பிறகு பராமரிப்பு மானியத்திலிருந்து 18,000. குவாந்தானுக்கு அனுப்பித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றால் அனுப்புங்கள். பகாங் மாநிலம்தான் என்றாலும் குவாந்தான் எங்களுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், அவர்கள் யாரும் இங்கே வந்து பார்க்க மாட்டார்கள், அதனால் படங்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வராந்தா, கூரை, பின்சுவர், மின்பெட்டி, எல்லாம். வீட்டுக்கு உள்ளே மட்டும் எடுக்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு நாற்காலியும், சுவரில் ஆணியடித்த ஒரு சின்னக் கரும்பலகையும் தெரிகின்றன.

பூட்டு சாதாரணப் பூட்டுதான். பையன்கள் இரண்டு பேர் "ஒடச்சிரலாமா டீச்சர்" என்று கேட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். டீச்சரே பூட்டை உடைத்தால் நாளைக்குப் பள்ளி அலமாரி என்ன ஆகும்.

என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. போன தடவை இடமாற்ற விண்ணப்பம் திறந்தபோது நானும் நிரப்பினேன். கெடா, முதல் தேர்வு சுங்கைப்பட்டாணி. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பேன், இந்தக் கடிதமும் வந்திருக்காது. அம்மாவுக்கு முட்டிவலி, அப்பா தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைகிறார், எனக்கும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கேமரன் மலை என்றதும் எல்லாரும் "எப்ப இறங்குவாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். இழுப்பறையில் என் பெயரை இன்னும் எழுதவில்லை. வந்த மாதத்தை எழுதினால் போகிற மாதத்தையும் எழுத வேண்டிவரும் என்று ஒரு பயம்.

அடுத்த முறை விண்ணப்பம் திறப்பதற்குள் ஒரு பதில் வந்தால், நான் நிரப்பாமல் இருப்பேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஓர் இளம் டீச்சர் போய்விடுவாள் என்பதற்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இன்னொருத்தியை அனுப்புவீர்கள். அவளுடைய நியமனக் கடிதத்திலும் எங்கே படுப்பது என்று ஒரு வரி இருக்காது. அவளுக்காகவும்தான் கேட்கிறேன்.

வந்து பார்ப்பதாக இருந்தால் காலை பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், நான்கு சக்கர வண்டியில் வந்தால் நல்லது. செவ்வாய்க்கிழமை என்றால் மதியமும் பரவாயில்லை, ஐந்தரை வரைக்கும் வராந்தாவில் இருப்பேன். சாவி உங்கள் இருவரில் யாரிடம் இருந்தாலும், வரும்போது கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம், மூன்றாம் ஆண்டு டீச்சர்
ரிங்லெட்